பிரேக் சாரின் வலது கால்

“...வரமாட்டேன்னா சொன்னேன்? மணல்ல போய் வண்டி திடீர்னு நின்னுடுச்சுன்னா யாரு தள்றது, ஒட்டகமா? அத மட்டும்தானேம்மா கேட்டேன்.”

பிரேக் சார் இதைச் சொன்னபோது காரின் இடப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இடது கால் தெருவில் இருந்தது. வலது கால் மட்டும் அவரை விட்டுவிட்டு முன்னதாகவே வண்டிக்குள் போயிருந்தது. ஸ்டியரிங் முன்னால் அவர் மனைவி விமலா அக்கா. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். என் கையில் ஐந்தாவதாக ஒரு பழம். அது டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னிக்கு. “அதுவும் டயர்தானே செல்வி, அதுக்கு மட்டும் கண்ணு படாதா?” என்று சார்தான் என்னைக் கூடுதலாக ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தார். சும்மா படுத்திருக்கிற டயருக்கு வைத்த பழம் எப்போது நசுங்கும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா அவருக்கு ஒரு பதில் சொன்னாள். அதைக் கேட்டு சார் ஒரு காரியம் செய்தார். அது என்ன என்பதற்கு முன்னால் அந்த வலது காலைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

திருவான்மியூரில், கடலுக்குப் போகிற தெரு ஒன்றில் எங்கள் பழைய ஃப்ளாட் இருந்தது. இப்போது அதை இடித்துவிட்டு உயரமாக ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அங்கே கீழ்வீட்டில் நான் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு எட்டாம் வகுப்பு. ஃபால்ஸ் தைக்கக் கண்ணும் கையும் போதும், காது சும்மாதான் இருக்கும். அதனால் போகிறவர் வருகிறவர் சொல்வதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அப்படிப் பொறுக்கியதில் பாதிக்கு மேல் மாடிவீட்டு பிரேக் சார் சொன்னவை.

பேர் வைத்தது என் மகள். நேரில் எல்லோருக்கும் அவர் சார்தான். ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் மயிலாப்பூர் போனோம். அடையாறு தாண்டியதுமே ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா பெர்சு, சீட்ட ஏன் ஒதைக்கிற?”

“முன்னாடி பஸ் போகுதுப்பா. திடீர்னு நிறுத்துவான்.”

“நிறுத்துனா நான் பிரேக் போட மாட்டனா? என் வண்டிலயும் பிரேக் கீது. நீ காத்து வாங்கிக்கினு ஜாலியா வா.”

சார் சரி சரி என்றார். மந்தைவெளி போய்ச் சேர்வதற்குள் மறுபடி எத்தனை முறை உதைத்தாரோ, கோயில் குளத்துக்கிட்டே நாங்கள் இறங்கியபோது ஆட்டோக்காரரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார். என் மகள் என் காதில் “அம்மா, பிரேக் சார்” என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான்.

வண்டியில் மட்டும் என்றில்லை. டிவியில் இரண்டு கார் துரத்திக்கொண்டு போனாலும் சாரின் கால் அழுத்தும். அவர் நாற்காலிக்கு முன்னால் போட்ட பாயில், வலது பாதம் படுகிற இடம் மட்டும் நைந்துபோய்த் தரை தெரியும். பிள்ளையார் சதுர்த்திக்கு மொட்டைமாடியில் எல்லோருக்கும் இலை போடுவோம். அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, சார் மட்டும் இடது காலை மடக்கி, வலது பாதத்தைத் தரையில் ஊன்றி, முழங்காலைத் தூக்கிக்கொண்டு சாப்பிடுவார்.

“நல்லா காலை மடிச்சு உக்காருங்க சார், சாம்பார் வேட்டியில கொட்டிடப் போகுது.”

“ஒரு காலு தரையில இருக்கட்டும்மா. திடீர்னு எழுந்திரிக்க வேண்டி வரும்.”

இந்தத் ‘திடீர்’தான் அவருக்கு வேதம். கார் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில், விபத்தில் மாட்டிய வண்டிகளின் ஃபைல்களைப் படித்துப் பார்க்கும் வேலையில் அவர் காலம் தள்ளியிருந்தார். வாழ்நாள் முழுக்க மனிதர் படித்தது மோதல் கதைகள்தான். “எல்லா ஃபைல்லயும் ஒரு வார்த்தை நிச்சயமா இருக்கும் செல்வி. திடீரென்று. லாரி திடீரென்று திரும்பியது, பையன் திடீரென்று ஓடிவந்தான். ஒருத்தரு எழுதியிருந்தாரு பாருங்க, ‘தெரு நடுவில் மாடு திடீரென்று நின்றுகொண்டிருந்தது.’ பாவம் அந்த மாடு, காலையில இருந்து அங்கதான் நின்னுருக்கும்.” சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போதும் தெருவில் ஏதாவது வண்டி வேகமாகப் போனால் கால் ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் வரும்.

இன்னொன்று சொல்வார். “வண்டி நம்மளோடது, லைசென்ஸ் நம்மளோடது. ரோடு மட்டும்தான் அடுத்தவனோடது.”

அவரைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் என் மகள் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போக ஆரம்பித்த புதிதில் ஒரு விஷயம் கவனித்தேன். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற முனையில், தண்ணி லாரிகள் வளைந்து வருகிற இடத்தில், காலையில் அவள் கிளம்புகிற நேரத்துக்கெல்லாம் சார் கையில் பால் பாக்கெட்டோடு நிற்பார். லாரி வந்தால் பால் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி நிறுத்துவார். அவள் திரும்பிப் போன பிறகுதான் வீட்டுக்கு வருவார். விமலா அக்கா வீட்டில் பால் வாங்குவது எப்போதும் சாயந்தரம்தான். அந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்தாளோ, அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு மேல்வீட்டிலிருந்து கிண்ணம் கிண்ணமாகத் தயிர் வந்துகொண்டிருந்தது.

விமலா அக்கா வேறு மாதிரி. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், வடநாட்டுப் புடவை செக்‌ஷனில் இருபது வருஷம் நின்றவள். நின்றவள் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார முடியாது. வாடிக்கையாளர் இல்லாத மத்தியானத்தில்கூட நிற்க வேண்டும், மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவள் கெண்டைக்காலில் நரம்பு பச்சைக் கயிறாகச் சுருண்டிருக்கும். ஃபால்ஸுக்குப் புடவை கொண்டுவந்தால் முதலில் என் ஸ்டூலைத்தான் தேடுவாள்.

அவள் அதிகம் விற்றது ராஜஸ்தான் புடவை. அதில் லெஹரியா என்று ஒரு வகை, உடம்பு முழுக்கச் சாய்ந்து சாய்ந்து வளைந்த கோடு போகும். “இது என்ன டிசைன்?” என்று யாராவது கேட்டால் அக்கா அந்தப் புடவையைக் கையில் ஏந்தி லேசாக ஆட்டுவாள். “பாலைவனத்து மணல்ல காத்து போடுற கோடும்மா இது. அப்படியே புடவையில வந்து உக்காந்துருக்கு.” கேட்டவர்கள் வாங்காமல் போனதில்லையாம். வேலையை விட்ட பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “இத்தன வருஷமா சொல்லிச் சொல்லி வித்தேனே செல்வி, நான் அந்த மணலப் பாத்ததே இல்ல. காத்து உண்மையிலேயே கோடு போடுதா, இல்ல நான் புளுகினேனான்னு ஒரு தடவ போய்ப் பாத்துடணும்.”

அவர்கள் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன சின்ன வெள்ளைக் கார் கீழே தூசி படிந்து நின்றது. அக்கா ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அழகாக ஓட்டினாள். அவசரம் கிடையாது, ஹாரன் கிடையாது. திருப்பத்தில் ஸ்டியரிங்கைச் சுற்றும் கையைப் பார்த்தால் புடவை மடிப்பது போலவே இருக்கும். வண்டியின் தரையில் போட்ட ரப்பர் விரிப்பில், அவள் பக்கம் புதுசு போல இருந்தது. சார் பக்கம் வலது காலுக்கு நேரே ஓட்டை விழுந்துவிட்டது.

ராஜஸ்தான் போவதென்றால் ரயில் இருக்கிறது, விமானம் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா ஒரே பதில்தான் சொன்னாள். “நின்னுக்கிட்டே வித்தேன். உக்காந்துக்கிட்டே போய்ப் பாக்கணும். அதுவும் நானே ஓட்டிக்கிட்டு.” அவளுடைய பழைய ஜவுளிக்கடை முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அவருக்குக் கொடுக்கப் போன இடத்தில், அக்கா சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தாராம். “மணலு பாக்கவா அம்புட்டு தூரம் போறீய? எங்கூர்த் தேரியில செக்கச்செவேல்னு குன்று குன்றா கெடக்கு. சொல்லுங்க, ஒரு லாரி அள்ளிட்டு வரச் சொல்லுதேன்.” அக்கா விடவில்லை. “அண்ணாச்சி, உங்க மணல் செவப்பு. நான் வித்தது மஞ்சள்.”

பயணத் திட்டம் என் வீட்டில்தான் நடந்தது. துணி வெட்டுகிற நீள மேசை என்னிடம்தானே இருந்தது. சாயந்தரமானால் அக்கா ஃபோனைப் பார்த்துப் பார்த்து, என் தையல் சாக்பீஸால் மேசைமேல் வழி வரைவாள். கத்தரிக்கோல் பக்கத்தில் சென்னை. கொஞ்சம் தள்ளி பெங்களூரு. நூல்கண்டு டப்பாவுக்குக் கீழே புனே, பட்டன் டப்பாவுக்கு அந்தப் பக்கம் அகமதாபாத், சுவரோரமாக ஜெய்சல்மேர். சார் எதிரில் நின்று ஊருக்கு ஊர் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ராத்திரி தங்கல்.

“ராணிப்பேட்டையில எதுக்குங்க தங்கணும்? அது இங்கிருந்து ஒரு காபி குடிக்கிற தூரம்.”

“காபி குடிச்சா தூக்கம் வராது, தங்கலாமே.”

“இவரு வெக்கிற ஸ்டாப்புல எல்லாம் நின்னு போனா, மணலே நம்மளத் தேடிக்கிட்டு மெட்ராஸ் வந்துடும் செல்வி.”

மறுநாள் காலையில் நான் புடவையை விரித்ததும் எல்லா ஊரும் அழிந்துவிடும். சாயந்தரம் மறுபடி பெங்களூரிலிருந்து ஆரம்பம். எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்கோ ஃபால்ஸ் தைத்த புடவையின் கரையில் ஒருமுறை அகமதாபாத் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

இடையில் சார் சொன்னார்: “ஆக்டிங் டிரைவர் ஒருத்தர வெச்சுக்கலாம்.” சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் வெளியூர் போகும்போது ஓட்டுவதற்கு ஆள் கூப்பிடுவார்களே, அவர்தான் ஆக்டிங் டிரைவர். அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள். “ஓட்டுறது அவரு, பாக்கறது நானா? அப்ப நான் மறுபடி கவுண்டருக்கு இந்தப் பக்கமே நிக்கணுமா?” சார் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்தோம்.

மணலில் வண்டி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பின்சீட்டில் நான். கொட்டிவாக்கம் பக்கத்தில் மீனவர் குப்பத்தை ஒட்டித் தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற ஒரு இடம் இருந்தது. படகு நிழலில் நாலைந்து பேர் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடைக்காரம்மா ஒருத்தி மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா வண்டியை மெதுவாக மணலில் இறக்கினாள். சக்கரத்துக்கடியில் நறநறவென்று சத்தம், ஆனால் வண்டி போனது. அக்கா முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பிரேக்! பிரேக்! பிரேக்!”

சார் போட்ட கூச்சலில் அக்கா அழுத்திவிட்டாள். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. “என்னங்க?” என்றாள் பதறிப்போய். சார் கையை நீட்டினார். சின்ன நண்டு ஒன்று குறுக்கே ஓடி வளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அக்கா ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த சக்கரம் குழி பறித்துக்கொண்டு இறங்கியது. கூடைக்காரம்மா இடுப்பில் கைவைத்து எழுந்து வந்தாள்.

“இன்னா சார், நண்டுக்கா வண்டிய நிறுத்த சொன்ன? அது உன்ன விட உஷாரு. நீ வர்றதப் பாத்து நேத்தே வளைய வெட்டி வெச்சுக்கிச்சு.”

வலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி ஏறியதும் அவர்களில் ஒருவர் அக்காவிடம் குனிந்து சொன்னார். “மணலு மேல போய்க்கினே இருக்கணும்மா. நடுவுல யோசிச்சா மாட்டிக்குவ.” பிறகு சாரைப் பார்த்தார். “சாரு கூட வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து அவரே யோசிச்சிடுவாரு போல.”

வீடு வந்து சேர்ந்தோம். அக்கா கீழே வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

“கடையில உக்காராதன்னாங்க, உக்காரல. இப்ப நீங்க போகாதங்கறீங்க. அத நான் கேக்க மாட்டேங்க. பொங்கல் முடிஞ்சதும் கிளம்புறேன். நானேதான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு சந்தோஷம். உங்க காலு மட்டும் வேணாம்.”

சார் தன் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “கால எங்கம்மா கழட்டி வெக்கிறது?”

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. பின்சீட்டுக்கு மாறிப் பார்த்தார். அங்கிருந்து அழுத்தினால் முன்சீட்டின் முதுகில் உதை விழுந்தது. “இப்ப என் முதுகெலும்புல பிரேக் பிடிக்கிறாரு செல்வி” என்றாள் அக்கா. மறுபடி முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில் இன்னும் பலமாக அழுத்தினார். கால் நகராமலிருக்கக் குறுக்கே முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டார். அடையாறு போய்த் திரும்புவதற்குள் முறுக்கு தூளாகிவிட்டது. அந்தத் தூளை நாங்கள் தயிரில் போட்டுச் சாப்பிட்டோம்.

ஒரு சாயந்தரம் அக்கா வருவதற்கு முன்பே சார் கீழே வந்துவிட்டார். மேசையின் எதிரில் நின்று, நான் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ நல்லா ஓட்டுறா செல்வி. எனக்குத் தெரியாம இல்ல.”

“அப்புறம் என்ன சார்?”

“அந்த ஃபைல்ல இருந்தவங்க எல்லாரும் நல்லா ஓட்டினவங்கதான். ஃபைலத் தொறந்தா முதல்ல போட்டோ இருக்கும். வண்டி எந்தப் பக்கம் நசுங்கியிருக்குன்னு பாப்பேன். டிரைவர் பக்கமா, இந்தப் பக்கமான்னு. அத்தன வருஷமும் பாத்துட்டேன்.” சாக்பீஸை எடுத்து மேசைமேல் ஒரு புள்ளி வைத்தார். பிறகு அதைக் கட்டைவிரலால் அழித்தார். “நான் உக்கார்ற இந்தப் பக்கமா இருந்தாப் பரவால்லன்னு இருக்கு எனக்கு. அவ பக்கமா இருந்துடக் கூடாது.”

நான் ஊசியை நிறுத்திவிட்டேன். அந்த மனிதரை அதுவரைக்கும் எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புவதென்று முடிவானது. விடிந்ததும் அக்கா குளித்துவிட்டு மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் தோளில் சின்னப் பையோடு ஒல்லியாக ஒருவர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“ஆக்டிங் டிரைவர் கேட்டீங்களே சார், நான்தான். இன்னா சார், ராஜஸ்தானாமே? ஆபீஸ்ல அவுட்ஸ்டேஷன்னு மட்டும் சொன்னாங்க. நான் பாண்டிச்சேரின்னு நெனச்சுக்கினு ஒரே ஒரு லுங்கி எடுத்துக்கினு வந்துட்டேன்.”

சார் என்னைப் பார்த்தார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நான் கோலப்பொடி டப்பாவைப் பார்த்துக்கொண்டேன். “இல்ல செல்வி, பாதி வழி இவர், பாதி வழி அவ. வந்ததும் நானே பக்குவமா சொல்லிக்கறேன். முதல்ல இவரு எப்படி ஓட்டுறாருன்னு பாத்துடறேன்” என்று சாவியை அவரிடம் கொடுத்து, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அவர்கள் வருவதற்குள் அக்கா வந்துவிட்டாள். நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

“செல்வி, வண்டி எங்க?”

அதற்குள் கார் திரும்பி வந்தது. நின்ற வேகத்திலேயே டிரைவர் பக்கக் கதவு திறந்தது. ஒல்லிக்காரர் இறங்கி, பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று பார்த்தார். அக்காவைக் கண்டதும் நேராக அவளிடம் வந்தார்.

“யம்மா, நீதான் ஓட்டுறவங்களா? நீயே ஓட்டிக்கினு போம்மா. சாரு காலு கீற வண்டில எனக்கு வேலை இல்ல. நான் ஆக்சிலேட்டர்ல கால் வெக்கிறதுக்குள்ள அவரு பிரேக்க மிதிக்கிறாரு. நாலு தெரு சுத்தறதுக்குள்ள எனக்கே டவுட் வந்துட்ச்சு, பிரேக் இங்க கீதா, அங்க கீதான்னு.”

“தம்பி, தம்பி, ஒரு நிமிஷம்” என்று சார் இறங்கினார்.

“வேணாம் நைனா. நல்லபடியா போய்ட்டு வா. வந்து காலுக்கு எதுனா பாரு.” கேட்டைச் சாத்திவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா கையில் சாவி இருந்தது. அர்ச்சனைத் தட்டை என்னிடம் கொடுத்தாள். கொஞ்சம் விபூதி எடுத்து ஸ்டியரிங்கில் தொட்டு வைத்தாள். ஒல்லிக்காரர் பின்னால் தள்ளிவிட்டிருந்த சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். நான் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கத் தொடங்கினேன்.

“பாதி வழிக்குத்தாம்மா சொன்னேன்” என்றார் சார், திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு. “உனக்கும் கை ஓய்வா இருக்கும்னு...”

“வர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. பையப் பின்னாடி இருந்து எடுத்துக்கலாம். ராகுகாலத்துக்கு முன்னாடி நான் கிளம்பணும்.”

அப்போதுதான் சார் அந்த ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “ஒட்டகம் வந்து தள்ளினா தள்ளட்டுங்க. வண்டி நான் நிறுத்தினாத்தான் நிக்கும். ஒண்ணு ஏறுங்க, இல்ல கதவச் சாத்துங்க. கால் வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.”

மெயின் ரோட்டில் தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சார் அந்தச் சத்தம் அடங்கும்வரை தெருமுனையையே பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இருமுறை இழுத்துப் பார்த்தார். குனிந்து, காலடியில் இருந்த ஓட்டை விழுந்த விரிப்பைப் பார்த்தார். அக்கா சாவியைத் திருப்பினாள். சார் செருப்பைக் கழற்றிக் கையாலேயே சீட்டுக்கு அடியில் தள்ளினார். இடது காலை மடக்கினார். பிறகு வலது காலை, அது வேறு யாருடையதோ போல, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.